வலது கால்

பிப்ரவரி 4

டாக்டருக்கு,

காலையில போன்ல நான் பேசின விதமும் சரியில்லை, நீ பேசின விதமும் சரியில்லை. நான் அழுதேன், நீ அதட்டினே, கடைசியில ரெண்டு பேருமே கத்தினோம். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க. அதான் எழுதறேன். எழுத்துல அழுதா உனக்குக் கேக்காது. குடிநீர் ஆபீஸ்ல உக்காந்து நாள் முழுக்க ஊர் புகாரைக் கேட்டு எழுதி வெக்கிறவ நான். நடந்ததை வரிசையா சொல்ல எனக்குத் தெரியும். போன்ல நீதான் விடலை.

உங்கண்ணனுக்கு டிப்போவுல புது ஷூ கொடுத்தாங்க. வலது குதிகால்ல கடிச்சு கொப்புளம் ஆயிடுச்சு. சர்க்கரை வந்ததுல இருந்தே பாதத்துல அவருக்கு உணர்ச்சி கம்மி. கொப்புளம் உடைஞ்சதே அவருக்குத் தெரியலை, சாக்ஸை அலசும்போது கறையைப் பார்த்து நான்தான் கேட்டேன். "பஸ் ஓட்டறவன் கால் பின்ன ரோஜாப்பூ மாதிரியா இருக்கும்"னு சொல்லிட்டு களிம்பைத் தடவிக்கிட்டு வண்டி எடுக்கப் போயிட்டார். அப்புறம் குளிர் காய்ச்சல். தெருமுனை டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார். நேத்து மத்தியானம் பேச்சு குழற ஆரம்பிச்சுது. என்னைப் பார்த்து, "சிக்னல் விழுந்துடுச்சா"ன்னு கேட்டார். விளையாடறார்னு நினைச்சு நான் சிரிச்சேன். கிட்டப் போய் பார்த்தா மூச்சு இளைக்குது, கை சில்லுன்னு இருக்கு, கால் முட்டி வரைக்கும் வீங்கிக் கிடக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டேன். கிருமி ரத்தத்துல கலந்து உடம்பு பூரா பரவிடுச்சு, செப்சிஸ்னு சொல்றாங்க. பிபி அதல பாதாளத்துல. கழுத்துல குழாய் போட்டு அதைத் தூக்கி நிறுத்த மருந்து போகுது. மூச்சுக்கு வென்டிலேட்டர். இங்க ஒரு கண்ணாடிக்கார டாக்டர் இருக்கார், நல்லாத்தான் பேசறார், ஆனா அவர் பேசினதுல பாதி எனக்குப் புரியலை, மீதியைப் புரிஞ்சுக்க பயமா இருக்கு.

இதையும் சொல்லிடறேன். ஆம்புலன்ஸ்ல நினைவு வந்து வந்து போச்சு. அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பாப்பாவுக்குச் சொல்லாதே"ன்னார். நாலு வருஷமா உன் பேரே அவர் வாயில வரலை. வந்ததும் இப்படித்தான். அவர் பேச்சை மீறித்தான் உனக்குப் போன் பண்ணினேன். ஐசியூவுக்குள்ள நடக்கிறதுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு வேற யார் இருக்கா.

அண்ணி

•

பிப்ரவரி 4

அண்ணி,

அதட்டினது தப்பு. டாக்டர்னு ஆரம்பிச்சிருக்கீங்க, சரி, டாக்டராவே எழுதறேன்.

அவங்க செய்யறது அத்தனையும் சரியாத்தான் இருக்கு. பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய நோய்தான் இது. கிருமி செய்யற கெடுதலை விட, கிருமியை எதிர்க்கிறேன்னு உடம்பு போடற ஆட்டம்தான் பெருசு. வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சுன்னு வீட்டையே கொளுத்தற கதை. அதான் பிபி போச்சு, அடுத்து கிட்னி போகலாம். எனக்கு நீங்க கேட்டுச் சொல்ல வேண்டியது, முதல் ஆன்டிபயாடிக் எப்ப போட்டாங்க, அதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாங்களா. எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும்னு அதுலதான் தெரியும். ரிசல்ட் வர கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் இருட்டுல கல் எறியற மாதிரிதான் மருந்து போடுவாங்க, எல்லா ஊர்லயும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒண்ணுக்கு எவ்வளவு போகுதுன்னு கேளுங்க. ரொம்ப முக்கியமா, அந்தக் காலை யாராவது தினமும் பிரிச்சுப் பார்க்கறாங்களா? கசியற குழாயை அடைக்காம மோட்டார் போட்டு என்ன பிரயோஜனம்னு ஆபீஸ்ல கத்துவீங்களே, அதேதான் இதுவும்.

டிக்கெட் போட்டுட்டேன். நாளன்னிக்குக் கிளம்பறேன்.

அவன் சொல்லாதேன்னு சொன்னது எனக்கு உறைக்கலைன்னு நினைக்காதீங்க. உறைக்க இப்ப நேரமில்லை.

•

பிப்ரவரி 6

பாப்பா,

நீ வராதே.

கோபப்படாம முழுசா படி. ஆன்டிபயாடிக் வந்து இறங்கின உடனே போட்டுட்டாங்க, ரத்தம் அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. கல்ச்சர் இன்னிக்குத்தான் வந்துச்சு. முதல்ல போட்ட மருந்துக்கு அந்தக் கிருமி அசையாதாம், வேற மருந்துக்கு மாத்திட்டாங்க. ஒண்ணுக்கு நின்னே போச்சு, டயாலிசிஸ் நடக்குது. அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய் காலைக் கீறி, செத்த சதையை வழிச்சு எடுத்தாங்க. சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு தெரிய முட்டிக்குக் கீழே பேனாவால கோடு போட்டிருக்காங்க. என்னை விட்டா நாள் பூரா அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு நிப்பேன், நர்ஸ் விடறதில்லை.

ஏன் வராதேன்னு சொல்றேன்னா, நாலு வருஷத்துக்கு முன்னாடி மாமா, உங்கப்பா, கடைசியா ஐசியூல கிடந்தப்ப நீ கடல் தாண்டி வந்து இறங்கினே. டாக்டர்களோட உள்ள போய்ப் பேசினே. வெளியில வந்து, மெஷினை நிறுத்திடலாம், இனிமே அது அப்பாவுக்குச் சித்திரவதைன்னு சொன்னே. உங்கண்ணன் வெளியூர் டிரிப்ல இருந்து ஓடி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. "என்னைக் கேக்காம அப்பாவை முடிச்சுட்டே"ன்னு சொந்தக்காரங்க முன்னாடி அவர் கத்தினதை நானும் கேட்டேன். அன்னிக்கு நான் வாயைத் திறக்கலை. புருஷனுக்கு எதிரா என்ன பேசறதுன்னு நின்னேன்.

இப்ப தினமும் கொஞ்ச நேரம் மயக்க மருந்தைக் குறைச்சு, கூப்பிட்டுப் பார்க்கறாங்க. கண்ணு லேசா அசையுது. அப்படித் திறக்கிற கண்ணு முன்னாடி நீ நின்னா அவர் என்ன நினைப்பார்னு யோசி. நம்ம கதை முடிஞ்சுது, பாப்பா வந்துட்டான்னு நினைப்பார். எனக்கு உன்மேல கோபம் இல்லை. எனக்கு அவர் பயப்படாம இருக்கணும், அவ்வளவுதான்.

அண்ணி

•

பிப்ரவரி 6

அண்ணி,

டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். உங்க எழுத்தை மூணு வாட்டி படிச்சேன், பதில் சொல்ல ஒரு வாதம்கூட கிடைக்கலை. கிடைக்காததுதான் எரிச்சலா இருக்கு. கூடப் பொறந்தவன் கண்ணுக்கு நான் எமன் மாதிரி தெரிவேன்னு இன்னொருத்தர் எழுதி நான் படிக்க வேண்டியிருக்கு.

போகட்டும். மருந்தை மாத்தினது நல்லது. இனிமே கோடுதான் கணக்கு. சிவப்பு கோட்டுக்குக் கீழேயே நின்னா நமக்கு நல்ல காலம். தாண்டினா, தோல் கருத்துக் கொப்புளம் போட்டா, தாமதிக்காம சர்ஜனைக் கூப்பிடச் சொல்லுங்க. பார்த்து மட்டும் நிக்காதீங்க, கேளுங்க. தொந்தரவு பண்றேன்னு அவங்க நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். புகார் கேக்கிறவங்க நீங்க, ஒரு நாளாவது புகார் கொடுக்கிறவங்களா இருங்க.

இங்க நான் டியூட்டிக்குப் போறேன், வர்றேன். எந்தப் படுக்கைகிட்ட நின்னாலும் குதிகாலைத்தான் பார்க்கறேன்.

•

பிப்ரவரி 8

டாக்டருக்கு,

கோட்டைத் தாண்டிடுச்சு. காலையில நான்தான் பார்த்துச் சொன்னேன். கண்ணாடி டாக்டரும் சர்ஜனும் என்னைத் தனி ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. உக்காரச் சொன்னதுமே புரிஞ்சு போச்சு. நல்ல சேதியை யாரும் நாற்காலி போட்டுச் சொல்றதில்லை. காலை எடுக்கணுமாம். சதைக்குள்ள கிருமி விறுவிறுன்னு மேல ஏறுதாம். இப்பன்னா முட்டிக்குக் கீழே, நாளைக்குன்னா எங்கேன்னு சொல்ல முடியாதாம்.

வலது கால், பாப்பா. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அந்தக் கால்லதான். இருபத்தாறு வருஷமா ஊரையே ஏத்தி இறக்கின கால். சாப்பிட உக்காந்தாக்கூட டேபிளுக்கு அடியில அந்தக் கால் சும்மா இருக்காது, பிரேக்கை அழுத்தற மாதிரி அழுத்திக்கிட்டே இருக்கும். அதை எடுத்துட்டு அவரை எழுப்பி உக்கார வெச்சா, என்னை என்ன கேப்பார்? "இதுக்கா என்னைப் பொழைக்க வெச்சே"ன்னு கேப்பார். அவரைத் தெரிஞ்சவ நான்.

சாயங்காலம் வரைக்கும் யோசிக்கட்டுமான்னு கேட்டேன். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ என்ன சொல்வேன்னு எனக்குத் தெரியும். எடுக்கச் சொல்வே. உங்கப்பாவுக்கு நிறுத்துன்னு சொன்னே, உங்கண்ணனுக்கு வெட்டுன்னு சொல்வே. உனக்கு இது தினமும் பார்க்கிற வேலை. எனக்கு அவர் ஒருத்தர்தான்.

•

பிப்ரவரி 8

அண்ணி,

இதைப் பார்த்த உடனே படிங்க.

இன்னிக்கு என் வார்டுல இதே செப்சிஸோட ஒருத்தர் படுத்திருக்கார். அவர் மனைவியை உக்கார வெச்சு நானும் இப்படித்தான் பேசினேன். வரிசையா, நிதானமா, குரல் ஏறாம. அந்த வார்த்தைகளையே உங்களுக்கும் எழுதலாம்னு பார்த்தேன், ஒண்ணுகூட வரலை. தினமும் பார்க்கிற வேலைன்னு சொல்லிட்டீங்க. அண்ணனைத் தினமும் பார்க்கலை அண்ணி. நாலு வருஷமா ஒரு நாள்கூடப் பார்க்கலை.

அப்பா விஷயத்துல நான் செஞ்சது சரி. இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். அவருக்கு மூளை, நுரையீரல், கிட்னி எல்லாம் போயிடுச்சு. மெஷின் அவரை உயிரோட வெச்சிருக்கலை, சாகவிடாம பிடிச்சு வெச்சிருந்தது. அதே வாயாலதான் இதையும் சொல்றேன். அண்ணனுக்கு நிறுத்த வேண்டிய கட்டம் இது இல்லை. மூளை நல்லா இருக்கு. இதயம் தாக்குப் பிடிக்குது. கிட்னி திரும்பி வரும். அவனைத் தின்னுக்கிட்டிருக்கிறது அந்தக் கால்தான்.

உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். காலை எடுத்தாலும் அவன் போயிடலாம். எடுக்கலைன்னா கண்டிப்பா போயிடுவான். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். பக்கத்துல நிக்கிறது நீங்க. நான் வெட்டச் சொன்னேன்னு வெட்டாதீங்க, நான் சொன்னேங்கிறதுக்காக மறுக்கவும் செய்யாதீங்க.

சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பாப்பா

•

பிப்ரவரி 8

கையெழுத்து போட்டுட்டேன். உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க.

•

பிப்ரவரி 11

அண்ணி,

எழுதுங்க. ஒரு வரி போதும். போன் அடிச்சுப் பார்த்தேன், எடுக்கலை. ஆஸ்பத்திரிக்கு அடிச்சேன், நானும் டாக்டர்தான்னு கெஞ்சினேன், நோயாளியோட மனைவி அனுமதி இல்லாம சொல்ல மாட்டோம்னு வெச்சுட்டாங்க. நானும் ஊருக்கெல்லாம் அதே சட்டம் பேசறவதான். இன்னிக்கு அந்தச் சட்டத்தை எழுதினவன் கையை ஒடிக்கலாம்னு தோணுது.

பிபி மருந்து குறைஞ்சிருக்கா? அதையாவது எழுதுங்க. இல்லைன்னா ஒண்ணும் எழுத வேண்டாம், இருக்கான்னு மட்டும் எழுதுங்க.

•

பிப்ரவரி 17

பாப்பா,

இருக்கார்.

உன்னைத் தவிக்க விட்டது தப்புதான். ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கு இதயம் ஒரு தடவை தடுமாறிடுச்சு, எல்லாரும் ஓடி வந்து திரையை இழுத்துட்டாங்க. திரைக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்கு, இதை எழுதினா அது நிஜமாயிடும்னு ஒரு பைத்தியக்கார எண்ணம். அப்புறம் சரியான பிறகும் எழுதறதுக்குப் பயம். கண்ணு பட்டுடும்னு வெச்சுக்கோயேன்.

பிபி மருந்தை விட்டாச்சு. வென்டிலேட்டர் எடுத்தாச்சு. டயாலிசிஸ் இன்னும் ஒண்ணு ரெண்டு வேணுமாம், ஆனா பையில கொஞ்சம் ஒண்ணுக்கு சேர்ந்திருக்குன்னு நர்ஸ் வந்து சொன்னப்ப எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் ஒண்ணுக்குப் போனதுக்கு இன்னொருத்தர் இப்படிச் சந்தோஷப்பட முடியும்னு எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்ததும் ஆள் ஆளா இல்லை. ஐசியூவை பஸ்ஸுன்னு நினைச்சுக்கிட்டு, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க"ன்னு கண்ணாடி டாக்டரை அதட்டினார். அவரும் ரொம்ப மரியாதையா ரெண்டு அடி உள்ள தள்ளி நின்னார். என்னைப் பார்த்து, "இந்தப் பொம்பளை என் வீட்டுச் சாவியைத் திருடிட்டா, போலீஸைக் கூப்பிடு"ன்னார். மயக்கத்துலயும் காய்ச்சல்லயும் மூளை குழம்பும், தெளிஞ்சுடும்னு நர்ஸ் சொன்னா. தெளியற வரைக்கும் நான் திருடிதான்.

நேத்து தெளிஞ்சுது. போர்வைக்குக் கீழே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யார் எடுக்கச் சொன்னது"ன்னு கேட்டார். அந்தக் குரலை நீ கேக்கலை. வறண்டு, நூல் மாதிரி இருந்துச்சு, ஆனா நாலு வருஷத்துக்கு முன்னாடி உன்கிட்ட கேட்ட அதே குரல். என் நாக்கு என்னைக் கேக்காமலே, "பாப்பாதான் சொன்னா"ன்னு சொல்லிடுச்சு.

சொன்னதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். அவருக்கு ஊட்டி விட வேண்டியவ நான், துடைச்சு விட வேண்டியவ நான். அந்தக் கோபம் என்மேல திரும்பினா தாங்க மாட்டேன்னு உன்னைப் பிடிச்சுக் கொடுத்துட்டேன். நீ என்ன வேணா திட்டு.

அண்ணி

•

பிப்ரவரி 18

அண்ணி,

"இருக்கார்"ங்கிற ஒரு வார்த்தைக்கு மேல ரொம்ப நேரம் படிக்க முடியலை. படிக்கட்டுல உக்காந்துட்டேன். வழியில போன நர்ஸ் தண்ணி கொண்டு வந்து கொடுத்தா.

திட்ட ஒண்ணுமில்லை. ஏற்கெனவே அப்பா என் தலையில இருக்கார், காலும் இருந்துட்டுப் போகட்டும். அவனுக்கு இப்ப கோபப்பட ஒரு ஆள் வேணும். பக்கத்துல இருந்து ஊட்டறவ மேல கோபப்பட்டா சாப்பாடு இறங்காது. தூரத்துல இருக்கிறவ மேல பட்டா இறங்கும். உடம்பு தேற சாப்பாடு வேணும், கோபமும் கொஞ்சம் வேணும். விட்டுடுங்க. உண்மையைச் சொல்றேன்னு கிளம்பாதீங்க.

இனிமேதான் நீளமான வேலை. டம்ளரைத் தூக்கக்கூட பலம் இருக்காது. மறதி வரும், முடி கொட்டும், காரணமில்லாம அழுவான், கண்ணை மூடினா ஐசியூ வரும். இதெல்லாம் நோய் விட்டுட்டுப் போற கழிவு, அவன் குணம் இல்லை. காய்ச்சல், நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் வந்தா மட்டும் காத்திருக்காம ஓடுங்க.

பாப்பா

•

மார்ச் 21

பாப்பா,

வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டோம். நீ சொன்னது அத்தனையும் நடக்குது, அழுகை உட்பட. டிவியில சமையல் நிகழ்ச்சி பார்த்து அழறார். நானும் சரியில்லை. போற வர்றப்பல்லாம் அவர் நெத்தியைத் தொட்டுப் பார்க்கறேன். ஆபீஸ்ல இருந்து மத்தியானம் ஓடி வந்து தொட்டுப் பார்த்துட்டு மறுபடியும் ஓடறேன். "உயிரோடதான் இருக்கேன், கையை எடு"ன்னு அலுத்துக்கறார். கை சுடுதா, நெத்தி சுடுதான்னு எனக்கே குழம்பிப் போகுது.

நீ கேட்டுக்கிட்ட ஒண்ணை மட்டும் என்னால செய்ய முடியலை.

போன வாரம் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, போனை எடு, அவளுக்கு ஒண்ணு எழுதணும்னார். அவர் விரல் இன்னும் எழுத்தை அழுத்தற அளவுக்கு நிதானப்படலை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடிக்கணும். "அப்பாவை எடுத்தே, இப்ப என் காலை எடுத்துட்டே, இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு கேளு"ன்னார். அடிச்சேன். அப்பாவை எடுத்தே வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் விரல் போகலை. உன்னைத் திட்டற வார்த்தையை அடிக்கிற கைதான் அன்னிக்குக் கையெழுத்து போட்ட கைன்னு எனக்குத்தானே தெரியும். போனைக் கவுத்து வெச்சுட்டு சொல்லிட்டேன். பாப்பா யோசனைதான் சொன்னா, முடிவு எடுத்தது நான், கையெழுத்து போட்டது நான், அதை அவ தலையில கட்டினதும் நான்னு.

அவர் அன்னிக்கு முழுக்கப் பேசலை. மறுநாளும் பேசலை. தட்டை வெச்சா சாப்பிட்டார், அவ்வளவுதான். கடைசியில நானே, "நாலு வருஷம் பேசாம இருக்க உங்களுக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. திட்டறதா இருந்தா இன்னிக்கே திட்டி முடிச்சுடுங்க"ன்னேன்.

நேத்து சாயங்காலம் காலுக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தேன். புண் ஆறி, தோல் புதுசா இளஞ்சிவப்பா வந்திருக்கு. தலையைக் குனிஞ்சு துணியைச் சுத்திக்கிட்டிருக்கேன், மேல இருந்து குரல் வருது.

"போடும்போது கை நடுங்குச்சா?"

என்ன கேக்கறார்னு முதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சுது. "ஆமா. கையெழுத்து போடறப்ப பேனா ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு"ன்னேன்.

துணியைச் சுத்தி முடிச்சேன்.

"அவளுக்கும் நடுங்கியிருக்கும். அன்னிக்கு அவ பக்கத்துல ஒருத்தரும் இல்லை"ன்னார்.

நான் நிமிர்ந்து பார்க்கலை. பார்த்தா நிறுத்திடுவார்னு தெரியும். ஆனா அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். மாமாவைப் பத்தி அவர் பேசினது அவ்வளவுதான், நான் கூட்டியும் எழுதலை, குறைச்சும் எழுதலை. காலை எடுத்ததுக்கு அவருக்கு இன்னும் உன்மேலயும் என்மேலயும் கோபம் இருக்கு. அது போக நாளாகும். போகாமலும் இருக்கலாம்.

இன்னிக்குக் காலையில நான் ஆபீஸுக்குக் கிளம்பறப்ப வாசல்ல நிறுத்தி, உன்னை வரச் சொல்லச் சொன்னார். "ஆனா டாக்டரா வர வேண்டாம்னு எழுது. அந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சா எனக்கு வயித்தைக் கலக்கும்."

வேற மூஞ்சி ஏதாவது இருந்தா எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா.

அண்ணி